யு வாங்கியும் ஜி.பி.ஏ. 7.5 எப்படி?

கேள்வி: வணக்கம் ஐயா. கோவில்பட்டியில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். நான் அந்தக் காலத்து பி.காம். மூத்த மகள் 2024-இல் பிளஸ் டூ முடித்து, அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் இ.சி.இ. சேர்ந்தாள். இப்போது மூன்றாம் செமஸ்டர் ரிசல்ட் வந்திருக்கிறது. கணக்கில் ‘யு’. இன்டர்னலில் 40-க்கு 34 வாங்கியவள் எப்படி ஃபெயில் ஆவாள்? தேர்வன்று அவளுக்குக் காய்ச்சல், அது உண்மைதான். ஆனால் “ஜி.பி.ஏ. 7.5 இருக்கு, கவலைப்படாதீங்கப்பா” என்கிறாள். ஒரு பாடம் போன பிறகு 7.5 எப்படி வரும்? என்னை ஏமாற்றுகிறாளா? மார்க்கே போடாமல் எழுத்தை மட்டும் போடுகிறார்கள். என் தங்கை மகன் சென்னைப் பல்கலைக்கழகத்துக் கல்லூரியில் பி.எஸ்சி. படிக்கிறான், ‘டி பிளஸ்’ வாங்கினேன் என்று ஸ்வீட் கொடுக்கிறான்! கணக்குக்குப் பதிலாக ஆன்லைனில் என்.பி.டி.இ.எல். படித்தால் கிரெடிட்டை மாற்றிக்கொள்ளலாம் என்று மகளின் தோழி சொன்னாளாம். இதில் கிரெடிட்டுக்கு பேங்க் கணக்கு வேறு தொடங்கச் சொல்லிக் கல்லூரியில் கேட்கிறார்கள். அதற்குப் பணம் கட்ட வேண்டுமா? பக்கத்துக் கடைக்காரர் 7.5-ஐ 9.5-ஆல் பெருக்கினால்தான் பர்சன்டேஜ் என்கிறார். அது சரியா? ரிசல்ட் பிரதியை இணைத்திருக்கிறேன்.
– ஒரு தகப்பனார், கோவில்பட்டி

பதில்: வணக்கம் ஐயா. உங்கள் கேள்விகளை நீங்கள் கேட்ட வரிசையில் எடுக்கப் போவதில்லை. கெடு வைத்த வேலை ஒன்று இருக்கிறது, அது முதலில்.

ரிசல்ட் வந்ததும் விடைத்தாளின் நகல் கேட்டு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள். மகளைக் கல்லூரியின் தேர்வுப் பிரிவுக்குப் போய்க் கடைசித் தேதி என்ன என்று இன்றைக்கே கேட்கச் சொல்லுங்கள். நகல் வாங்காமல் மறுமதிப்பீட்டுக்குப் போக முடியாது. நகல் கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, எழுதிய ஒவ்வொரு பதிலுக்கும் எதிரே மதிப்பெண் விழுந்திருக்கிறதா, கூட்டல் சரியா என்பது. கல்லூரித் தேர்வுப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், திருத்தாமல் விட்டுப்போன பதில் நடுப்பக்கத்தில்தான் பதுங்கியிருக்கும். அப்புறம் தாளை அவளுக்குக் கணக்கு நடத்திய ஆசிரியரிடம் காட்டட்டும். அவர் தாளைப் படித்துவிட்டு ஏறுமா ஏறாதா என்று சொல்லிவிடுவார். மதிப்பெண் 40-க்கு மேல் இருந்து, ஆசிரியரும் இரண்டு இடத்தில் குறைத்துப் போட்டிருக்கிறார்கள் என்றால் மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டுங்கள். 25, 28 என்று இருந்தால் அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். “போட்டுத்தான் பார்ப்போமே” என்று கட்டும் பெற்றோர் நிறையப் பேர். அதில் பாதிப் பேரின் தாளை யாரும் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம்.

நாற்பது என்று ஏன் கோடு போட்டேன்? உங்கள் முதல் கேள்விக்கான பதில் அதில்தான் இருக்கிறது.

2024-இல் சேர்ந்த உங்கள் மகளுக்குப் பொருந்துவது அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘ரெகுலேஷன் 2021’, அதாவது பாடம், தேர்வு பற்றிய விதித் தொகுப்பு. 2025-இல் சேர்ந்தவர்களுக்கு வேறு ரெகுலேஷன் வந்துவிட்டது, அதனால் ஜூனியர் பிள்ளைகளிடம் விதி கேட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சேர்ந்த ஆண்டில் எந்த ரெகுலேஷனோ, டிகிரி வாங்கும் வரை அதுதான். அதன்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100-க்கு எழுதுவார்கள், அதை 60-க்குச் சுருக்கி இன்டர்னலோடு கூட்டுவார்கள். நீங்கள் போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது: 34 ஏற்கெனவே கையில் இருக்கிறது, தேர்ச்சிக்கு 50, இன்னும் 16 தானே, 100-க்கு 27 எடுத்தால்கூட வந்துவிடுமே என்று நினைத்திருப்பீர்கள்.

ஆனால் தேர்ச்சிக்கு இரண்டு நிபந்தனை. மொத்தத்தில் 50 வேண்டும். செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதம் வேண்டும், அதாவது 100-க்கு 45. இரண்டில் எது தவறினாலும் ‘யு’. உங்கள் மகள் விஷயத்தில் முதல் நிபந்தனை பெரிய பாரமே இல்லை, இரண்டாவதில்தான் விழுந்திருக்கிறாள்.

இதில் வேடிக்கையைப் பாருங்கள். அவள் 44 எடுத்திருந்தால் 60-க்குச் சுருக்கும்போது 26.4, இன்டர்னலோடு சேர்த்து 60.4. மொத்தம் அறுபதைத் தாண்டியும் ‘யு’. ஒரு மார்க் கூடுதலாக 45 எடுத்திருந்தால் 27, கூட்டினால் 61. அது ‘பி பிளஸ்’. அவளைப் பொறுத்தவரை யு-வுக்கும் பி பிளஸ்ஸுக்கும் நடுவே பி, சி என்று எந்தப் படியும் கிடையாது, நேராக ஒரே தாவல்தான். அதனால்தான் 42, 43 என்று நிற்கும் தாளுக்கு மறுமதிப்பீடு கேட்பது லாபம் என்கிறேன்.

இதற்கு முந்தைய ரெகுலேஷன் 2017-இல் இன்டர்னல் 20, தேர்வு 80 என்று இருந்தது. நாற்பதாக உயர்த்தியதில் நன்மை உண்டு, மூன்று மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடாமல் செமஸ்டர் முழுக்கச் செய்த வேலையும் எடை பெறுகிறது. ஆனால் கல்லூரிகள் இன்டர்னலைக் கொஞ்சம் தாராளமாகவே போடுகின்றன. 34, 36 என்று பார்த்ததும் பிள்ளையும் நிம்மதி, வீட்டிலும் நிம்மதி. அந்த நிம்மதிக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்க மாட்டேன். பல்கலைக்கழகம் 45 என்று தனிக் கோடு போட்டு வைத்திருப்பதே இந்தத் தாராளத்தைத் தெரிந்துதான்.

இப்போது அந்த 7.5. மகள் உங்களை ஏமாற்றவில்லை ஐயா. பல்கலைக்கழக விதிப்படி போட்டால் 7.5-தான் வருகிறது. நானும் போட்டுப் பார்த்தேன்.

கிரெடிட் என்பது பாடத்தின் எடை. வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஒரு கிரெடிட், டுடோரியலுக்கும் அப்படியே. லேப் என்றால் ஒரு பீரியடுக்கு அரை கிரெடிட். அவளுடைய கணக்குப் பாடத்துக்கு வாரத்தில் மூன்று வகுப்பு, ஒரு டுடோரியல், ஆக 4 கிரெடிட். மூன்று பீரியடு லேபுக்கு 1.5. கிரேடுக்குப் புள்ளி இருக்கிறது: ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. ஒவ்வொரு பாடத்திலும் புள்ளியைக் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுத்தால் ஜி.பி.ஏ. ஒரு செமஸ்டருக்கு ஜி.பி.ஏ., சேர்ந்த நாளிலிருந்து எல்லாம் சேர்த்தால் சி.ஜி.பி.ஏ.

நீங்கள் அனுப்பிய பிரதியில் சிக்னல்ஸ் 4 கிரெடிட் பி, டிஜிட்டல் சிஸ்டம்ஸ் 4 கிரெடிட் ஏ, எலக்ட்ரானிக் டிவைசஸ் 3 கிரெடிட் பி பிளஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் 3 கிரெடிட் பி, சி புரோகிராமிங் 3 கிரெடிட் ஏ. 1.5 கிரெடிட் லேப்கள் இரண்டில் ஒன்று ஓ, ஒன்று ஏ பிளஸ். ஒரு கிரெடிட் புரொஃபஷனல் டெவலப்மென்ட்டில் ஓ. பெருக்கிக் கூட்டினால் 157.5. கிரெடிட் மொத்தம் 21. வகுத்தால் சரியாக 7.5.

அந்தச் செமஸ்டருக்கு உண்மையான கிரெடிட் 25. கணக்கின் 4 எங்கே போனது? யு வாங்கிய பாடத்தை மேலேயும் சேர்ப்பதில்லை, கீழேயும் சேர்ப்பதில்லை. கணக்கிலேயே எடுக்காமல் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். நீங்கள் கடை வைத்திருப்பவர், வசூலாகாத பாக்கியைப் பேரேட்டிலேயே காட்டாமல் லாபம் சொல்வது மாதிரி என்றால் புரியும். சொன்ன லாபம் பொய்யில்லை, ஆனால் பாக்கி இருக்கிறது. அதனால் இனி மகளிடம் ஜி.பி.ஏ. எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை கிரெடிட் எடுத்திருக்கிறாய், எத்தனைக்கு எடுத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். இந்தச் செமஸ்டரில் பதில் 25-க்கு 21. நான்கு ஆண்டு பி.இ. என்பது ஏறக்குறைய 160-ஐ ஒட்டிய கிரெடிட். அத்தனையும் சேர்ந்தால்தான் டிகிரி, சி.ஜி.பி.ஏ. எவ்வளவு அழகாக இருந்தாலும்.

சில பிள்ளைகள் அரியரைப் பாஸ் பண்ணிவிட்டு “ஜி.பி.ஏ. இறங்கிவிட்டது” என்று அழுதுகொண்டு வருவார்கள், அதற்கும் காரணம் இதுதான். உங்கள் மகள் அடுத்த முறை 45 எடுத்துப் பி பிளஸ் வாங்கினால் 28 புள்ளி கூடும், 185.5-ஐ 25-ஆல் வகுத்தால் 7.42. பாஸ் பண்ணியும் 7.5-ஐ விடக் கொஞ்சம் குறைவு. தேர்வில் 65 எடுத்தால் மொத்தம் 73, அது ஏ, அப்போது 7.58. இறங்கினாலும் பயப்பட வேண்டாம். 7.42 முழுக் கணக்கு, 7.5 அரைகுறைக் கணக்கு.

இன்னொன்றையும் இதிலேயே கவனித்திருப்பீர்கள். இரண்டு லேபிலும் அவள் பிரமாதம், ஆனால் இரண்டும் சேர்ந்தே 3 கிரெடிட்தான். ஏ பிளஸ் வாங்கிய லேபில் ஓ வாங்கியிருந்தால் 7.5 என்பது 7.57 ஆகியிருக்கும். சிக்னல்ஸில் பி-க்குப் பதில் பி பிளஸ் வாங்கியிருந்தால் 7.69. ரெக்கார்டு நோட்டுக்கு ராத்திரி கண்விழிக்கும் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

மார்க் போடாமல் எழுத்து போடுவது பற்றி. எனக்கும் இந்த முறையில் முழுத் திருப்தி கிடையாது. 91-இலிருந்து 100 வரை ஓ, 81 முதல் 90 ஏ பிளஸ், 71 முதல் 80 ஏ, 61 முதல் 70 பி பிளஸ், 56 முதல் 60 பி, 50 முதல் 55 சி. 81 எடுத்தவரும் 90 எடுத்தவரும் ஒன்று, ஆனால் 90-க்கும் 91-க்கும் ஒரு முழுப் புள்ளி வித்தியாசம். இரண்டு ஆசிரியர் ஒரே தாளைத் திருத்தினால் இரண்டு மூன்று மார்க் முன்னே பின்னே ஆவது சகஜம், அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பெரிதுபடுத்தக் கூடாது என்றுதான் கிரேடு வந்தது. வந்து எல்லைக்கோட்டில் நிற்பவரிடம் அதே வித்தியாசத்தை இன்னும் பெரிதாக்கிவிட்டது.

உங்கள் தங்கை மகன் படிக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேறு கதை. அங்கே 40 எடுத்தால் பாஸ். 90-க்கு மேல் ஓ, 80 முதல் 89 வரை ‘டி பிளஸ்’, அதற்குப் பொருள் ‘எக்ஸலன்ட்’. 75 முதல் 79 ‘டி’, அது டிஸ்டிங்ஷன். ஏ பிளஸ் அதற்கும் கீழே, 70 முதல் 74. ஆகவே அவன் கொடுத்த ஸ்வீட்டைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். அங்கே புள்ளியும் மார்க்கை ஒட்டியே போகிறது, 72 எடுத்தால் 7.2. ஒரு மார்க்கில் தடாலென்று விழுவது அங்கே குறைவு. இந்த விஷயத்தில் எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். ஆனால் அவன் நாளைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால் மார்க் ஷீட்டின் பின்பக்க விளக்கத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அங்கே டி என்பது தட்டுத் தடுமாறிப் பாஸ் ஆனவருக்குப் போடுவது. சென்னை ஐ.ஐ.டி.யிலோ 10 புள்ளிக்கு எழுத்து ‘எஸ்’. எழுத்தை மட்டும் வைத்து இரண்டு கல்லூரிப் பிள்ளைகளை ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள், வீட்டு விசேஷங்களில் குறிப்பாக.

காய்ச்சல் விஷயம் எனக்கு வருத்தம் தந்தது, அதற்கென்றே ஒரு வழி ரெகுலேஷனில் இருந்ததால். உடல்நிலை மாதிரியான தக்க காரணம் இருந்தால், தேர்வுக்கு முன்பே உரிய சான்றோடு ‘வித்டிராயல்’ கேட்கலாம். படிப்புக் காலம் முழுவதற்கும் ஒரு முறைதான் கிடைக்கும். கல்லூரி முதல்வர் வழியாகப் போக வேண்டும். அப்படி விலகினால் அதைத் தேர்வு எழுதிய முயற்சியாகவே எண்ண மாட்டார்கள், யு விழாது. எழுதி முடித்த பிறகு மருத்துவச் சான்றிதழ் கொண்டுபோனால் பயன் இல்லை. இந்த முறைக்கு அது கடந்துபோய்விட்டது. அடுத்த செமஸ்டர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன், சாதாரணச் சளிக்கெல்லாம் செலவழித்துவிடாமல் வைத்திருக்கட்டும்.

அரியரால் என்ன நஷ்டம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன்’ வாங்க சி.ஜி.பி.ஏ. 8.5 வேண்டும், எல்லாப் பாடமும் முதல் முயற்சியிலேயே பாஸ் ஆகியிருக்க வேண்டும். மறுமதிப்பீட்டில் யு மாறினால் அது முதல் முயற்சிதான், கதவு திறந்தே இருக்கும். மாறாவிட்டால் டிஸ்டிங்ஷன் இனி இல்லை. வெறும் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு இந்த ஒரு அரியர் தடையில்லை. வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகளில் பெரும்பாலானவை கேட்பது ‘ஸ்டாண்டிங் அரியர்’ இருக்கிறதா என்பது, அதாவது இன்னும் முடிக்காத பாக்கி. சில கம்பெனிகள் மட்டும் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ இருந்தாலே வேண்டாம் என்று சொல்லும். முதல் வகையில் அவளுக்கு ஒரு குறையும் வராது, ஆறாம் செமஸ்டருக்குள் முடித்துவிட்டால்.

ஆறு வரை தள்ள வேண்டாம் என்பதற்குப் பாடமே காரணம். அண்ணா பல்கலைக்கழகத்தில் அரியருக்கு ஓர் ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை, ஏப்ரல், மே தேர்விலேயே எழுதலாம். இன்டர்னல் 34 அப்படியே கூட வரும். (எத்தனை முயற்சி வரை வரும் என்பதை ரெகுலேஷனில் பார்த்துக்கொள்ளட்டும், பல ஆண்டு இழுத்தால் விதி மாறும்.) அவள் விட்ட பாடம் ‘ரேண்டம் பிராசஸஸ் அண்டு லீனியர் ஆல்ஜீப்ரா’. ஐந்து யூனிட்டில் முதல் மூன்று நிகழ்தகவு, கடைசி இரண்டு வெக்டர் ஸ்பேஸ் சம்பந்தப்பட்டவை. நான்காம் செமஸ்டரில் இப்போது நடக்கும் கம்யூனிகேஷன் சிஸ்டம்ஸ் பாடத்தில் அதே ரேண்டம் பிராசஸ் மறுபடி வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரே உழைப்பு. கணக்குத் தாளில் இரண்டு மார்க் கேள்வி பத்து, 16 மார்க் கேள்வி ஐந்து, யூனிட்டுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. இரண்டு மார்க் பகுதியில் 14 தேற்றி, மூன்று யூனிட்டில் உருப்படியாகப் பதினொன்று பதினொன்றாக எடுத்தாலே 47. ஐந்து யூனிட்டையும் மேலோட்டமாகப் புரட்டியதுதான் அவள் தப்பாக இருக்கும் என்பது என் ஊகம், நகல் வந்தால் தெரியும்.

தோழி சொன்ன என்.பி.டி.இ.எல். யோசனைக்கு வருவோம். கணக்கில் விழுந்த யு-வை அதை வைத்துத் துடைக்க முடியாது. அது எல்லா மாணவரும் கட்டாயம் முடிக்க வேண்டிய பாடம். ஆன்லைன் படிப்பு இடம் பிடிப்பது விருப்பப் பாடங்களில், அதாவது எலெக்டிவ்களில். அவளுக்கு அவை ஐந்தாம் செமஸ்டரிலிருந்துதான் வருகின்றன.

“யு.ஜி.சி. 40 சதவீதம் வரை அனுமதித்திருக்கிறதே” என்று யாராவது சொல்வார்கள். ஸ்வயம் என்பது மத்திய அரசின் ஆன்லைன் பாடத் தளம், என்.பி.டி.இ.எல். பாடங்களும் அதில்தான் வருகின்றன. அந்தப் பாடங்களுக்கான யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2021 விதிமுறை, ஒரு செமஸ்டரின் மொத்தப் பாடங்களில் 40 சதவீதம் வரை அந்த வழியில் எடுக்கப் பல்கலைக்கழகம் அனுமதிக்கலாம் என்கிறது. 2016 விதியில் அது 20 சதவீதமாக இருந்தது. அனுமதிக்கலாம் என்பது பல்கலைக்கழகத்துக்குச் சொன்னது, மாணவருக்குக் கொடுத்த உரிமை அல்ல. எந்தப் பாடத்துக்குப் பதில் எதை ஏற்போம், எத்தனை ஏற்போம் என்பதைப் பல்கலைக்கழகமும் கல்லூரியும்தான் முடிவு செய்கின்றன. நெகிழ்வு என்று விளம்பரத்தில் வருவதெல்லாம், அவளுடைய ரெகுலேஷனில் எழுதியிருக்கும் இடத்தில் மட்டும்தான் நெகிழ்வு. மற்ற இடமெல்லாம் பழைய இரும்புதான்.

ஆகவே எலெக்டிவ் வரும்போது எடுக்கட்டும், ஆனால் சேருவதற்கு முன்பே துறைத் தலைவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு. படித்து முடித்துச் சான்றிதழோடு வந்து “இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று நின்ற பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு, மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. சும்மா ஆன்லைன்தானே என்றும் நினைக்க வேண்டாம். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் நடத்தும் பாடங்கள் அவை. பாடம் கேட்பது இலவசம், தேர்வுக்குக் கட்டணம் உண்டு, தேர்வை மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழ் வேண்டுமென்றால் அசைன்மென்ட்டில் 10, தேர்வில் 30 என்று தனித்தனியாக வேண்டும். அங்கேயும் இரண்டு நிபந்தனை! பன்னிரண்டு வாரப் பாடம் என்றால் பொதுவாக 3 கிரெடிட்.

கிரெடிட் கிடைக்காவிட்டாலும் இப்போதே அவளுக்கு அதில் ஒரு பயன் இருக்கிறது. நிகழ்தகவுக்கு அங்கே நல்ல வகுப்புகள் உண்டு. ஏப்ரல் தேர்வுக்கு அதைக் கேட்டுப் படிக்கலாம், பைசா செலவில்லாமல்.

கூடுதலாக 18 கிரெடிட் எடுத்து ‘ஹானர்ஸ்’ (சிறப்புப் பட்டம்) அல்லது ‘மைனர்’ (வேறு துறையில் துணைப் படிப்பு) சேர்த்து வாங்கும் வசதியும் இந்த ரெகுலேஷனில் இருக்கிறது. அதற்கு சி.ஜி.பி.ஏ. தகுதியும் அரியர் பற்றிய நிபந்தனையும் உண்டு என்பதால் இந்த யு முடியும் வரை அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பது நல்லது. கட்டாயமான கிரெடிட்டே பாக்கி நிற்கும்போது கூடுதல் கிரெடிட்டுக்கு அவசரம் என்ன?

பேங்க் கணக்குக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அதில் பணமே கிடையாது. ‘அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்’ என்பது 2021 ஜூலையில் யு.ஜி.சி. கொண்டுவந்த ஏற்பாடு. மாணவர் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடத்தில் எத்தனை கிரெடிட் எடுத்தார் என்பதைக் கல்வி நிறுவனமே அதில் பதிவு செய்யும். கிரெடிட் அதிகபட்சம் ஏழு ஆண்டு வரை செல்லும். அரசின் டிஜிட்டல் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கர் வழியாக அவளே திறந்துகொள்ளலாம், பன்னிரண்டு இலக்க எண் வரும், அதைக் கல்லூரியில் கொடுத்தால் போதும். ஆதாரில் உள்ள பெயரும் கல்லூரிப் பதிவில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நம் ஊரில் இனிஷியல் முன்னால் ஓரிடம், பின்னால் ஓரிடம் என்று இருந்து வரும் தொல்லைதான் அதிகம். திறந்து தருகிறேன் என்று போனில் யாராவது ஓ.டி.பி. கேட்டால் கொடுக்க வேண்டாம்.

அந்தக் கணக்கில் கிரெடிட் இருப்பதாலேயே வேறு கல்லூரி அதை ஏற்றுக்கொண்டாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டு படித்துவிட்டு டிப்ளமோவோடு வெளியே வரலாம், பிறகு திரும்பச் சேரலாம் என்றெல்லாம் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பேசுகிறார்கள். அவள் படிப்பின் ரெகுலேஷனில் அந்த வாசல் எழுதப்பட்டிருந்தால்தான் அது வாசல். இப்போதைக்கு எண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த விஷயத்தை மறந்துவிடுங்கள்.

கடைசியாக 9.5. பக்கத்துக் கடைக்காரரின் பிள்ளைகள் சி.பி.எஸ்.இ.யில் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு சி.ஜி.பி.ஏ. போட்டுக்கொண்டிருந்த காலத்தில் சி.பி.எஸ்.இ. சொன்ன எண் அது. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சி.ஜி.பி.ஏ.யிலிருந்து 0.75-ஐக் கழித்துவிட்டுப் பத்தால் பெருக்கும் சூத்திரம் ஒன்று உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் நேராகப் பத்தால் பெருக்குவதுதான் வழக்கம், 7.5 என்றால் 75 சதவீதம். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனிச் சூத்திரம், யாருடையதையும் யாரும் கடன் வாங்க முடியாது. அதுவும் ஒரு செமஸ்டர் ஜி.பி.ஏ.யை அப்படி மாற்றி எங்கேயும் எழுதக் கூடாது. விண்ணப்பத்தில் சதவீதம் கேட்டால் அதுவரையான சி.ஜி.பி.ஏ.யை மாற்றி எழுத வேண்டும். வெளிநாடு, வங்கி மாதிரி இடங்களில் அதற்கு ஆதாரம் கேட்டால் கல்லூரி அலுவலகத்தில் கன்வர்ஷன் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.